டங்கன் வைட்: முப்பது வயதில் ஓடிய ஓட்டம்

இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், ஆறாம் தரத்துத் தங்கைமார்கூடக் கையை உயர்த்துவார்கள். டங்கன் வைட், 1948, லண்டன், வெள்ளிப் பதக்கம். நான்கும் ஒரே மூச்சில் வந்துவிடும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் மண்டபமே அமைதியாகிவிடும். அவர் எங்கே பிறந்தார், எத்தனை வயதில் ஓடினார், எந்த ஓட்டம், அதன் பிறகு என்ன ஆனார் என்பதெல்லாம் எந்த வினாத்தாளிலும் வருவதில்லை.

எனக்கு அவர்மீது அக்கறை வந்ததற்குக் காரணம் அவருடைய வயதுதான். நான் 400 மீற்றர் ஓடுகிறவள். உயர்தர வகுப்புக்கு வந்த நாளிலிருந்து, இந்த வயதிலும் பின்னேரத்தில் மைதானத்தில் நிற்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. வாப்பா மறுக்கவில்லை. ஆனால் நான்கு மணிக்கே பனி இறங்கிவிடும் எங்கள் ஊரில், பஸ் தவறினால் பிள்ளை எப்படி வீடு வந்து சேருவாள் என்பது அவருடைய கவலை. பதினேழு வயதிலேயே எனக்கு நேரம் முடிந்துவிட்டது என்று பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்கும்போதுதான் டங்கன் வைட் பதக்கம் வென்ற வேளையில் அவருக்கு முப்பது வயது என்று வாசித்தேன். அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

டங்கன் வைட் 1918ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி களுத்துறைக்கு அண்மையிலுள்ள லத்பந்துர என்ற ஊரில் பிறந்தார். மழையும் இறப்பர் மரமும் நிறைந்த தாழ்நிலப் பகுதி அது. அங்கிருந்து மலைநாட்டுக்கு வந்து, கண்டி டிரினிட்டி கல்லூரியில் கல்வி கற்றார். 1872இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒரே அளவு பெயர் பெற்றது. இங்கே ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கல்லூரியில் படிப்பது எல்லோருக்கும் கிடைத்த வாய்ப்பு அல்ல. அதே 1930களில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது, லயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நடத்திய சிறிய பள்ளிக்கூடம். கொஞ்சம் வளர்ந்ததும் கொழுந்து மலை. அவர்களில் எத்தனை பேருக்கு வைட்டைப் போன்ற கால்கள் இருந்தன என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. இதைச் சொல்வதால் வைட்டின் உழைப்புக் குறைந்துவிடாது. அதேபோல, உழைப்பு மட்டும்தான் அவரை லண்டனுக்குக் கொண்டு போனது என்று சொல்வதும் முழு உண்மையாகாது.

அவர் ஓடியது 400 மீற்றர் சட்டவேலி ஓட்டம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் வெறுமனே வெள்ளி என்று சொல்லும்போது அதன் கஷ்டம் விளங்காது.

மைதானத்தை ஒரு முறை முழுதாகச் சுற்ற வேண்டும். வழியில் பத்துச் சட்டவேலிகள் இருக்கும். ஆண்களுக்கு ஒவ்வொன்றின் உயரமும் 91.4 சென்ரிமீற்றர், அதாவது மூன்று அடி. புறப்படும் இடத்திலிருந்து முதலாவது வேலி 45 மீற்றர் தூரத்தில் இருக்கும். அதன் பிறகு 35 மீற்றருக்கு ஒன்று. பத்தாவதைத் தாண்டிய பின் முடிவுக் கோட்டுக்கு 40 மீற்றர். கூட்டிப் பார்த்தால் சரியாக 400 வரும். 100 மீற்றர் ஓடுபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து முடித்துவிடலாம். 1500 மீற்றர் ஓடுபவர் யோசித்து ஓடலாம். 400 இவை இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது. முன்னூறு மீற்றரைத் தாண்டியதும் தொடைகளில் ஈயத்தை ஊற்றியது போலிருக்கும். கைகள் சொன்னபடி கேட்காது. ஓடியவர்களுக்குத்தான் அது தெரியும். அந்த இடத்தில்தான் சட்டவேலி ஓடுபவருக்கு ஒன்பதாவது வேலி வந்து நிற்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் காலடிக் கணக்கு. இரண்டு வேலிகளுக்கு இடையிலுள்ள 35 மீற்றரை ஓட்டக்காரர் குறிப்பிட்ட எண்ணிக்கையான அடிகளில் கடக்கப் பழகியிருப்பார். அந்த எண் ஒற்றை எண்ணாக இருந்தால் ஒவ்வொரு வேலியையும் ஒரே காலை முன்னே போட்டுத் தாண்டலாம். களைப்பில் அடி சுருங்கி ஓர் அடி கூடிவிட்டால், மற்றக் காலால் தாண்ட வேண்டி வரும். அதற்கும் பழகியிராவிட்டால் வேலிக்கு முன்னால் தயங்க வேண்டியதுதான். அந்தத் தயக்கத்தில் அரைச் செக்கன் போய்விடும். ஆகவே பயிற்சியின்போது நிறுத்தற் கடிகாரம் முழு ஓட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. ஒவ்வொரு வேலிக்கும் எத்தனை செக்கன் போனது, எத்தனை அடி போனது என்று எண்ண வேண்டும். எங்கள் மைதானத்தில் சட்டவேலிகள் இல்லை. செங்கற்களை அடுக்கி, மேலே மூங்கில் கம்பை வைத்துத்தான் தாண்டிப் பார்த்தோம். ஒரு சுற்று 200 மீற்றருக்கும் குறைவு என்பதால் வளைவுகள் அதிகம். மழைக்குப் பிறகு அந்த வளைவுகளில் வழுக்காமல் ஓடுவதே தனித் திறமை.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லும்போது பின்லாந்தின் பாவோ நூர்மியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1920களில் ஒன்பது ஒலிம்பிக் தங்கங்களை வென்ற அவர், கையில் நிறுத்தற் கடிகாரத்தை வைத்துக்கொண்டே ஓடுவார். பக்கத்தில் ஓடுபவரைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்ப்பார். ஆனால் வைட் போட்டியிட்ட கடிகாரம் வேறு வகையானது. அது அவருடைய கைக்கு எட்டாத கடிகாரம்.

ஓர் ஓட்டக்காரருக்கு நல்ல காலம் இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தெட்டு வயது வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். வைட்டுக்கு இருபத்திரண்டு வயதானபோது 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் நடந்திருக்க வேண்டும். யுத்தத்தால் அது நடக்கவில்லை. இருபத்தாறு வயதானபோது 1944ஆம் ஆண்டுப் போட்டி வந்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை திறக்கும் கதவு அவருக்கு இரண்டு முறை திறக்கவேயில்லை. அவர் இலங்கை இலகு காலாட்படையில் சேவையாற்றினார், பிற்காலத்தில் மேஜர் என்றே அழைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் அடுத்த ஒலிம்பிக் எப்போது, அது நடக்குமா, நடந்தால் இலங்கை அதில் பங்குபற்றுமா என்பது யாருக்கும் தெரியாது. பரீட்சை எப்போது என்று தெரியாமலே எட்டு வருடம் படிப்பதற்கு நம்மில் எத்தனை பேர் தயார்? திகதி அறிவித்த பிறகே பலர் புத்தகத்தைத் திறக்கிறோம்!

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆறு மாதம் முடிவதற்குள், தன் வரலாற்றில் முதல் தடவையாக ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பியது. மொத்தம் ஏழு பேர். அவர்களில் நால்வர் குத்துச்சண்டை வீரர்கள், மூவர் மெய்வல்லுநர்கள். அந்த ஏழு பேரில் ஒரு பெண்கூட இல்லை.

லண்டன் அப்போது யுத்தத்தின் காயம் ஆறாத நகரம். உணவு பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. வெளிநாட்டு வீரர்களுக்கென்று புதிய கிராமம் எதுவும் கட்டப்படவில்லை. இராணுவ முகாம்களிலும் கல்லூரிகளிலும் அவர்களைத் தங்கவைத்தார்கள். வெம்பிளி மைதானத்தில் நிலக்கரிச் சாம்பல் கொட்டி ஓடுபாதை அமைத்தார்கள். இன்றைய செயற்கை ஓடுபாதை காலைத் திருப்பி எறியும். சாம்பல் பாதையோ காலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழை பெய்தால் சேறாகிவிடும். நேரம் கையால் அழுத்தும் கடிகாரங்களில், ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கப்பட்டது.

ஜூலை 30ஆம் திகதி ஆரம்பச் சுற்றும் அரையிறுதியும், மறுநாள் 31ஆம் திகதி இறுதிப் போட்டி. அரையிறுதியில் அமெரிக்காவின் ரோய் கொக்ரனும் சுவீடனின் ரூன் லார்சனும் தனித்தனியே 51.9 செக்கனில் ஓடி ஒலிம்பிக் சாதனையைப் புதுப்பித்தார்கள். இறுதிப் போட்டியில் வைட் அந்தச் சாதனையைவிட வேகமாக, 51.8 செக்கனில் ஓடி முடித்தார். ஆனால் கொக்ரன் 51.1 செக்கனில் அவருக்கு முன்னால் போய்விட்டார். லார்சன் 52.2 செக்கனில் மூன்றாவதாக வந்தார். முதலாமவருக்கும் வைட்டுக்கும் இடையிலான 0.7 செக்கனைத் தூரமாக மாற்றினால் ஏறத்தாழ ஐந்து மீற்றர். ஒரு வகுப்பறையின் நீளம்கூட இல்லை. கொக்ரனும் 29 வயதுக்காரர், அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், யுத்தத்தால் இரண்டு ஒலிம்பிக்குகளை இழந்தவர். ஆகவே அன்று வெம்பிளியில் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்த இருவருக்கும் இழந்த வருடங்களின் கணக்கு ஒன்றுதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாதனையைப் பார்த்தாலும் என்னுடைய நேரத்தோடு வைத்துப் பார்ப்பேன். நான் வேலி எதுவும் இல்லாமல் 400 மீற்றரை 69 செக்கனில் ஓடுகிறேன். வைட் பத்து வேலிகளையும் தாண்டி முடிவுக் கோட்டைத் தொடும் நேரத்தில் நான் முன்னூறாவது மீற்றரில், ஈயம் ஊற்றும் இடத்தில் இருப்பேன். இதை உம்மாவிடம் சொன்னபோது சிரித்தார். ஆனால் அதே ஒலிம்பிக்கில் ஓடிய நெதர்லாந்துப் பெண் ஃபனி பிளாங்கர்ஸ் கோவனைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. அவருக்கும் வயது முப்பது. இரண்டு பிள்ளைகளின் தாய். 100 மீற்றர், 200 மீற்றர், 80 மீற்றர் சட்டவேலி, அஞ்சலோட்டம் என்று நான்கு தங்கம் வென்றார். போட்டிக்கு முன்னர், வயதாகிவிட்டது, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று பலர் அவரைக் குறை கூறியிருந்தார்கள். ஓடும்போது பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று உம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் வாசித்த எதிலும் விடை இருக்கவில்லை.

வைட் பதக்கம் வென்ற செய்தி இலங்கைக்கு எட்டி, நாடே மகிழ்ந்திருந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு இன்னொரு விடயமும் கூடவே நினைவுக்கு வரும். வரலாற்றுப் பாடத்தில் இவை இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை என்றாலும் நடந்தவை ஒரே காலத்தில்தான். 1948 ஓகஸ்ட் 4ஆம் திகதி, அதாவது அந்த ஓட்டம் முடிந்து நான்காம் நாள், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சட்டமாகி நடைமுறைக்கு வந்தபோது, மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த ஏழு இலட்சத்துக்கும் அதிகமான இந்திய வம்சாவளி மக்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லாதவர்கள் ஆனார்கள். காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை என்று விரட்டப்பட்டு, மலையில் கொழுந்து எடுத்து, நிறுவைக்கு நேரத்தோடு ஓடி வந்தவர்கள் அவர்கள். நாட்டுக்கு வருமானம் தேடித் தந்தவர்களும் அவர்களே. லண்டனில் இலங்கைக் கொடி ஏறியபோது அது தங்கள் கொடியும் என்று எண்ணி எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் சந்தோசப்பட்டிருப்பார்கள். எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு தாத்தாவுக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. அது வரையில் அவர் எவ்வளவு வேகமாக ஓடியிருந்தாலும் எந்தக் கொடிக்காக ஓடியிருப்பார்? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், அதன் பிறகு வேறு பல சட்டங்கள் என்று இழுபட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினை முடிவுக்கு வந்தது. 55 வருடங்கள். இதில் டங்கன் வைட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் மலைநாட்டில் இருந்துகொண்டு 1948ஐப் பற்றி எழுதும்போது பதக்கத்தை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

வைட் வெள்ளியோடு நின்றுவிடவில்லை. 1950 பெப்ரவரியில் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டி நடந்தது. அதுதான் இன்றைய பொதுநலவாய விளையாட்டுப் போட்டி. அங்கே 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் 52.5 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். 440 யார் என்பது 402 மீற்றரைச் சற்றுத் தாண்டும். முப்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதம்கூட இல்லாத வேளை அது. இரண்டாவதாக வந்த நியூசிலாந்து வீரர் ஜோன் ஹொலண்ட் தன் சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஓடியவர். அவர் 52.7 செக்கன். வெறும் 0.2 செக்கன் வித்தியாசம். பொது அறிவுப் போட்டிகளில் இந்தத் தங்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் வெள்ளியைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வேன். ஒருமுறை புகழ் கிடைத்த பிறகு மீண்டும் அதிகாலையில் எழும்பி வேலிகளுக்கு முன்னால் போய் நிற்பது எளிதல்ல.

அவருக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கத்தை இலங்கைக்குப் பெற்றுத் தந்தார். ஆனால் ஒலிம்பிக் மேடையில் ஏற இலங்கையர் எவருக்கும் முடியவில்லை.

இங்கே நம் கல்லூரி மாணவிகளுக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். வைட் ஓடிய அதே 400 மீற்றர் சட்டவேலி, பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடத்தப்பட்டது 1984இல்தான், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். ஆண்கள் ஓடத் தொடங்கி எட்டுத் தசாப்தங்களுக்குப் பிறகு! அந்த முதலாவது போட்டியிலேயே 54.61 செக்கனில் தங்கம் வென்றவர் மொரோக்கோ நாட்டின் நவால் அல் முத்தவக்கில். முஸ்லிம் நாடொன்றிலிருந்து சென்று ஒலிம்பிக் தங்கம் வென்ற முதலாவது பெண் அவர்தான். அவருக்கு அப்போது 22 வயது. அவரை ஓட ஊக்குவித்தவர் அவருடைய தந்தை. மகளின் வெற்றியைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை. அன்றைய தினம் மொரோக்கோவில் பிறக்கும் பெண் குழந்தைகளுக்கு நவால் என்று பெயரிடும்படி அந்நாட்டு மன்னர் அறிவித்தார். இதை நான் வீட்டில் வாசித்துக் காட்டியபோது வாப்பா அந்தத் தந்தையைப் பற்றிய பகுதியை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். அடுத்த வாரம் முதல் செவ்வாயும் வியாழனும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நான்கரை மணிக்கு மைதான வாசலுக்கே வருகிறார். ஆனால் உறவினர்களின் பேச்சு நிற்கவில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் பயிற்சி கிடையாது என்ற உம்மாவின் நிபந்தனையும் அப்படியே இருக்கிறது.

வைட் தன் வாழ்வின் பிற்பகுதியை இங்கிலாந்தில் கழித்தார். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நனீட்டன் என்ற சிறு நகரில், 1998ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி, எண்பதாவது வயதில் காலமானார். அவர் பதக்கம் வென்று ஐம்பது வருடம் பூர்த்தியாக இன்னும் நான்கு வாரங்களே இருந்தன.

அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பின்னர், 2000ஆம் ஆண்டு, சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதிப் போட்டியில் கேகாலை மாவட்டத்துக் கிராமத்துப் பெண் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து பாவித்ததை ஏற்றுக்கொண்டு பதக்கங்களை இழந்த பிறகு, சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வைட்டின் வெள்ளிக்கும் இந்த வெள்ளிக்கும் இடையில் 52 வருடங்கள். ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இன்றும் இலங்கையின் பெயருக்கு நேரே இருப்பவை இந்த இரண்டும்தான்.